மார்பகத்தைக் கையால் பார்க்கும் பரிசோதனை: பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், தொற்றா நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பிரஷரும் சுகரும் பார்க்க வரும் பெண்களுக்கு 30 வயது ஆகிவிட்டது என்றால், "மார்பகத்தையும் ஒரு தடவை பார்த்துடலாமாம்மா?" என்று கேட்பது என் அன்றாட வேலை. கேட்ட உடனே பல பேருடைய கை தானாக முந்தானைக்குப் போகும், இழுத்து இன்னும் இறுக்கிச் செருகிக்கொள்வார்கள். அதற்கப்புறம் வருகிற கேள்விகள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், கூட்டம் நிற்கும்போது நேரில் சொல்ல முடியாமல் போகிற பதில்களையும் சேர்த்து.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்குக் காட்ட வேண்டும்?

தொந்தரவு இல்லாதபோது பார்ப்பதற்காகத்தான் இந்தப் பரிசோதனையே. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆனால் நம் பெண்கள் வலியை வைத்துத்தான் நோயை அளக்கிறார்கள். வலித்தால் ஓடி வருவார்கள், வலிக்காவிட்டால் "அது பாட்டுக்கு இருக்கு சிஸ்டர்" என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் மார்பக வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாதவிடாயை ஒட்டிய வலிதான், புற்றுநோய் இல்லை. வலிக்காத கட்டியோடு எட்டு மாதம் கழித்து வருகிறவரைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசையும்.

2022 கணக்குப்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடிய நோயில் இவ்வளவு பேர் போவதற்கு முக்கியமான காரணம், கட்டி பெரிதாகி, அக்குள் வரை போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையான பெண்களிடம் மார்பகப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டது உண்டா என்று கேட்டார்கள். இந்திய அளவில் ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட மேல்தான், ஆனாலும் நூற்றுக்கு ஆறு பேரைத் தொடவில்லை.

உள்ளே என்னதான் செய்வீர்கள்?

இதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சரியான பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அரைகுறையாகப் பார்த்தார்களா, முழுசாகப் பார்த்தார்களா என்று நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

முதலில் தொடவே மாட்டோம், பார்ப்போம். ஜாக்கெட், பாடி எல்லாம் கழற்றி, மேலே துண்டு போர்த்தி உட்காரவைத்து, துண்டை விலக்கி வெளிச்சத்தில் பார்ப்பது. கையைத் தொங்கவிட்டு ஒரு முறை, இடுப்பில் கையை வைத்து நன்றாக அழுத்தச் சொல்லி ஒரு முறை, தலைக்கு மேலே தூக்கச் சொல்லி ஒரு முறை. எதற்கு இத்தனை கோணம் என்றால், உள்ளே கட்டி தோலையோ தசையையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், சும்மா இருக்கும்போது தெரியாத ஒரு சின்னக் குழி, கையை அழுத்தும்போதோ தூக்கும்போதோ தெரியும். மெத்தையில் பட்டன் தைத்த இடம் உள்ளே போயிருக்குமே, அந்த மாதிரி. கூடவே, தோல் ஆரஞ்சுத் தோல்போலத் துளைத்துளையாகத் தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பைச் சுற்றி ஆறாத சிரங்கு மாதிரி இருக்கிறதா என்றும் பார்ப்போம். இரண்டு பக்கமும் அளவில் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பது எல்லாருக்கும் சகஜம், அதற்குக் கவலைப்படவே வேண்டாம். பிறந்ததிலிருந்தே காம்பு உள்ளடங்கி இருப்பதும் அப்படித்தான். புதிதாக ஏற்பட்ட மாற்றம்தான் எங்களுக்கு முக்கியம்.

அடுத்தது அக்குளும், கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலும் கீழும். நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். அக்குளைப் பார்க்கும்போது உங்கள் கையை நாங்கள் தாங்கிப் பிடித்துக்கொள்வோம், நீங்கள் தளர்வாக விட்டால் போதும்.

அப்புறம் படுக்கவைத்து, பார்க்கிற பக்கத்துத் தோளுக்கு அடியில் சின்னத் தலையணை அல்லது மடித்த துணி, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால். மார்பகம் பரந்து தட்டையாகிவிடும், அப்போதுதான் ஆழத்தில் இருப்பது விரலுக்கு எட்டும். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், நகம் படாமல், சின்ன நாணயம் அளவுக்கு வட்டம் வட்டமாகத் தேய்ப்போம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று அழுத்தம்: தோலுக்குக் கீழே லேசாக, நடுவே கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும் வரை. விரலை எடுக்காமல் மேலிருந்து கீழே, அப்புறம் ஒரு விரல் அகலம் நகர்ந்து கீழிருந்து மேலே. உழும்போது ஒரு சால்கூட விடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதுபோல. கழுத்துப்பட்டை எலும்பிலிருந்து மார்பகத்துக்குக் கீழுள்ள மடிப்பு வரை, நடு நெஞ்செலும்பிலிருந்து அக்குளுக்கு நேர் கீழே விலாப்புறம் வரை இத்தனையும் மார்பகப் பகுதிதான். அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பக்கத்தில்தான் சதை அதிகம், கட்டிகளும் அங்கேதான் அதிகம் வரும். அதனால் அந்த இடத்தில் விரல் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

நிதானமாகப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். அக்குளையும் பேச்சையும் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் "எல்லாம் நல்லா இருக்கு, போங்க" என்றால் அது பரிசோதனை இல்லை. எங்கள் வெளி நோயாளிப் பிரிவில் திங்கட்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வரச் சொல்வேன். நீங்களும் கேட்டுக்கொண்டு வரலாம், தப்பே இல்லை.

நர்ஸ் பார்த்தால் போதுமா? டாக்டர்தானே பார்க்கணும்?

பயிற்சிதான் முக்கியம், படிப்புக்கு அடுத்த இடம்தான். இதை நான் நர்ஸ் என்பதால் சொல்லவில்லை. மும்பையில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் வாழ்கிற, 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று நான்கு சுற்று கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். செய்தது டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள். இருபது வருடம் பின்தொடர்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை செய்துகொண்ட பிரிவில் நோய் இன்னும் முந்தைய கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. 50 வயதுக்குக் கீழே இறப்பில் அப்படிக் குறைவு தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விரலுக்கு எவ்வளவு கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஜெர்மனியில் ஃபிராங்க் ஹோஃப்மன் என்ற மகப்பேறு மருத்துவர், பார்வையற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். சுமார் ஒன்பது மாதப் பயிற்சி. பரிசோதிக்கும்போது பிரெய்ல் புள்ளிகள் வைத்த ஒட்டுப் பட்டைகளை மார்பின் மேல் ஒட்டி, அவற்றுக்கு இடையில் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக விரலை நகர்த்துவார்கள். ஏதாவது தட்டுப்பட்டால் எந்த இடம் என்று பட்டையைத் தொட்டே துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். டெல்லியிலும் பார்வையற்ற பெண்களுக்கு இந்தப் பயிற்சி நடக்கிறது. எங்களுக்கும் பயிற்சியில் சிலிக்கான் மாதிரியில் ஒளித்துவைத்த கட்டிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தேடுவேன், அப்போதுதான் விரலுக்குக் கவனம் வருகிறது.

ஆண் டாக்டர்தான் இருக்கிறார், கூச்சமாக இருக்கிறது...

கூச்சம் இருக்கத்தான் செய்யும். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது எழுதியே இருக்கிறது: ஆண் மருத்துவர் ஒரு பெண்ணை உடல் பரிசோதனை செய்யும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது அவளுடைய உரிமை, அதற்கு ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் கடமை. "ஒரு சிஸ்டரைக் கூப்பிடுங்க டாக்டர்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டுவிடுவார்கள். உங்கள் அம்மாவையோ அக்காவையோ கூட வைத்துக்கொள்ளலாம். மாமியார் உள்ளே வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள், நாங்களே ஏதாவது சொல்லி வெளியே உட்காரவைப்போம்.

எது பரிசோதனையில் சேராது?

இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. ஏன் பார்க்கிறோம், எப்படிப் பார்ப்போம் என்று முதலில் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் தொட வேண்டும். ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கம் மூடியிருக்கலாம். இதற்காகப் பாவாடையோ சுடிதார் பேன்டோ கழற்றத் தேவையே இல்லை. செல்போனில் படம் எடுக்கக் கூடாது. உள்ளங்கையால் பிடித்துப் பிசைவது பரிசோதனை முறை இல்லை. காம்பிலிருந்து ஏதாவது கசிகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால் மட்டும் காம்பை அழுத்திப் பார்க்க வேண்டி வரலாம், அதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால் "நிறுத்துங்க" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. புகார் சொல்ல வேண்டுமானால் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், போலீஸ், பெண்கள் உதவி எண் 181.

எப்போது வருவது நல்லது?

மாதவிடாய் நிற்காதவர்கள், தூரம் ஆன முதல் நாளிலிருந்து எண்ணி ஐந்தாம் நாள் தொடங்கிப் பத்தாம் நாளுக்குள் வந்தால் நல்லது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மார்பகம் கனத்து, தொட்டாலே வலிக்கும், உள்ளே எல்லாம் கட்டி கட்டியாகத் தோன்றும். மாதவிடாய் நின்றவர்கள் எந்த நாளும் வரலாம். ஆனால் கையில் ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் இந்த நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

அரசுத் திட்டப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. என்னைக் கேட்டால் ஐந்து வருடம் ரொம்ப நீளம். மும்பையில் பலன் தெரிந்தது இரண்டு வருட இடைவெளியில்தான். நான் என்னிடம் வருகிறவர்களை, சுகர் மாத்திரை வாங்க எப்படியும் மாதாமாதம் வருகிறீர்கள், வருடத்துக்கு ஒரு நாள் இதற்கும் ஒதுக்குங்கள் என்று சொல்லிவிடுவேன்.

"கட்டி மாதிரி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தானா?

அந்தச் சீட்டை வாங்கும்போது நிறையப் பேருக்குக் கை நடுங்கும். அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 50,366 பெண்களைக் கையால் பரிசோதித்தார்கள். அதில் 2,880 பேரைச் சந்தேகம் என்று மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கடைசியில் புற்றுநோய் இருந்தது 30 பேருக்கு. அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர். மற்ற 99 பேருக்கும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒன்று கவனியுங்கள், இவர்கள் தொந்தரவு எதுவும் சொல்லாமல் பரிசோதனைக்கு வந்தவர்கள். நீங்களாகவே ஒரு கட்டியைத் தொட்டு உணர்ந்து வந்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், குறிப்பாக 50 வயதுக்கு மேல். அப்போதும் பெரும்பாலான கட்டிகள் சாதாரணக் கட்டிகள்தான்.

இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி விரலுக்கு அடியில் கோலிக்குண்டுபோல நழுவும், பிடித்தால் பிடியில் நிற்காது. நீர்க்கட்டி திராட்சைபோல இருக்கும், மாதவிடாய்க்கு முன் பெரிதாகிப் பிறகு சுருங்கும். சிலர் விலா எலும்பையே கட்டி என்று பயந்து வருவார்கள். மார்பகத்துக்குக் கீழே மடிப்பில் கெட்டியாக ஒரு வரப்பு மாதிரி தட்டுப்படும், அது இயல்பானது. எங்களைக் கவலைப்படவைப்பது கல்லுபோலக் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அசைத்தால் அசையாமல், புளியங்கொட்டை ஒன்றைச் சதையில் பதித்துவைத்ததுபோல இருப்பது. ஆனால் விரலை வைத்து மட்டும் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஊசிப் பரிசோதனை (கட்டியிலிருந்து ஊசியால் துளி எடுத்துப் பார்ப்பது), இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்பிக்கையோடு விடலாம்.

அதனால் அந்தச் சீட்டைப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். ஆடி போகட்டும், பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தவர்களை நான் எண்ணமுடியாத அளவு பார்த்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவு தெரிந்துவிட வேண்டும். 60 நாள் அதிகபட்சம், அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

"ஒன்றுமில்லை" என்றார்கள். நம்பலாமா?

அன்றைக்கு விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே திருவனந்தபுரம் ஆய்வில், இருந்த புற்றுநோய்களில் கையால் கண்டுபிடித்தது 51.7 சதவீதம்தான். ஏறத்தாழ இரண்டில் ஒன்று தப்பிவிட்டது. இதைச் சொன்னால் பரிசோதனைக்கே வரமாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்துகொண்டு வருகிறவர்தான், ஆறு மாதம் கழித்து ஏதாவது மாறினால் "போன தடவை நல்லா இருக்குன்னு சொன்னாங்களே" என்று வீட்டில் உட்காராமல் திரும்பி வருவார்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது பக்கம் அக்குளை ஒட்டி ஏதோ உருளுகிறது என்று வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே ஜாக்கெட்டைக்கூடக் கழற்றச் சொல்லாமல், மேலோடு தொட்டுப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரை தீர்ந்த பிறகும் அது போகவில்லை என்று எங்களிடம் வந்தார். படுக்கவைத்து அவரையே "எங்கம்மா தட்டுது, காட்டுங்க" என்றேன். அவருடைய விரல் நேராக அந்த இடத்துக்குப் போனது. ஆழத்தில் இருந்தது, மூன்றாவது அழுத்தத்தில்தான் எனக்குக் கிடைத்தது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தது, இன்றைக்கும் பிரஷர் மாத்திரைக்கு வருகிறார். அதிலிருந்து நான் யாரைப் பார்த்தாலும் முதலில் "உங்க கைக்கு ஏதாவது வித்தியாசமா தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். உங்களுக்குத் தெரிகிற ஒன்று எங்களுக்குத் தெரியவில்லை என்றால், ஸ்கேன் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

நேராக மேமோகிராமே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

வசதி இருந்து, வயது 40, 50-ஐத் தாண்டியிருந்தால் டாக்டரைக் கேட்டு எடுக்கலாம், விரலுக்கு எட்டாத சின்னதையும் அது காட்டும். இளம் வயதில் மார்பகச் சதை அடர்த்தியாக இருக்கும், அது படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுகிற கதைதான். அதனால்தான் சின்ன வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதுகிறார்கள். இன்னொன்று, கையில் கட்டி தட்டுப்படும்போது மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும் அதோடு விடக் கூடாது. மேமோகிராமும் சிலதைத் தவறவிடும்.

கிராமத்துக்கு வந்தால், மேமோகிராம் மெஷின் மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கும், ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். கை எல்லா இடத்திலும் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே?

பாதி உண்மை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2015-ல், அறிகுறி எதுவும் இல்லாத, சராசரி ஆபத்துள்ள பெண்களுக்குத் திரையிடலாக, அதாவது நோய் ஒளிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனையாக, இதைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. அங்கே பெண்கள் ஒழுங்காக மேமோகிராம் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் கையால் பார்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலனுக்குத் தெளிவான ஆதாரம் இல்லை, வீண் பயமும் வீண் பரிசோதனையும்தான் கூடுகிறது என்பது அவர்களுடைய காரணம். மேமோகிராமே எட்டாத இடத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அதோடு, கட்டி, கசிவு என்று ஏதாவது சொல்லிக்கொண்டு போனால் அமெரிக்காவிலும் டாக்டர் முதலில் கையால்தான் பார்ப்பார். இலங்கையில் 1996-லிருந்து நடக்கிற, பெண்களின் உடல்நலம் பார்க்கும் வெல் வுமன் கிளினிக்குகளிலும் இந்தக் கைப் பரிசோதனை உண்டு. அங்கே இருக்கும் நம் சொந்தங்கள் 35 வயதானதும் போய்க் காட்டலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன் / பால் கொடுக்கிறேன். பார்க்கலாமா?

பார்க்கலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பால் கொடுப்பவர்கள் வருவதற்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தால் மார்பகம் இளகி இருக்கும். பால் கட்டிக்கொள்வது, சீழ் பிடிப்பது எல்லாம் இந்தக் காலத்தில் சாதாரணம். ஆனால் "பால் கட்டியிருக்கு" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது. மருந்து சாப்பிட்டும் ஒன்றிரண்டு வாரத்தில் கரையாத கட்டிக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

காம்பிலிருந்து நீர் வடிகிறதே?

இரண்டு பக்கமும், அழுத்தினால் மட்டும், பால் மாதிரி வந்தால் பெரும்பாலும் ஹார்மோன் காரணமாகவோ சில மாத்திரைகளாலோ இருக்கும். ஒரு பக்கம் மட்டும், தானாக, ரத்தமாகவோ கண்ணாடித் தண்ணீர்போலவோ வந்தால் உடனே காட்டுங்கள். பாடியில் கறையைப் பார்த்தால் துவைப்பதற்கு முன் எங்களிடம் ஒரு தடவை காட்டினால் உதவியாக இருக்கும்.

ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

ஊருக்கு ஊர் இந்தப் பேச்சு இருக்கிறது, இதனால் போன உயிர்கள் அதிகம். ஊசிப் பரிசோதனை செய்ததால் யாருக்கும் நோய் முற்றிவிடுவதில்லை. ஏற்கெனவே முற்றிய பிறகு வந்து ஊசி போட்டு, அடுத்த சில மாதத்தில் இறந்தவரைப் பார்த்த ஊர், பழியை ஊசிமேல் போட்டுவிடுகிறது.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஊசிப் பரிசோதனையே செய்யாமல், "சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்" என்று நேராக அறுத்து எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் குப்பையில் போட்டுவிடும் இடங்கள் இருக்கின்றன. ஒரு வருடம் கழித்து அதே தழும்பில் மறுபடி கட்டி வரும்போது முன்பு இருந்தது என்ன என்று சொல்ல ஒரு காகிதம்கூட இருக்காது. உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் "பயாப்சிக்கு அனுப்பினீங்களா, ரிப்போர்ட் எங்கே?" என்று கேளுங்கள். வாங்கி, பத்திரமாக வையுங்கள்.

வீட்டில் நானே பார்த்துக்கொண்டால் போதாதா?

சீனாவில் ஷாங்காய் நகரில் 2,66,064 பெண் மில் தொழிலாளர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள், முடிவு 2002-ல் வந்தது. மாதாமாதம் முறைப்படி சுயபரிசோதனை செய்யக் கற்றுக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. சாதாரணக் கட்டிகளுக்குப் பயாப்சி செய்வதுதான் கூடியது. அதனால் காலண்டரில் குறித்துவைத்து, பயந்து பயந்து தேட வேண்டாம். ஆனால் குளிக்கும்போது சோப்புக் கை வழுக்கிக்கொண்டு போகையில் உங்கள் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள், மாறினால் வாருங்கள். அது எங்கள் பரிசோதனைக்கு மாற்று இல்லை, எங்களுக்கு நீங்கள் செய்யும் உதவி.

அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்று இல்லை. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து. ஆனால் அம்மா, அக்கா, சித்தி என்று இரண்டு மூன்று பேருக்கு இருந்தாலோ, இளம் வயதிலேயே வந்திருந்தாலோ, கைப் பரிசோதனையோடு நிற்காமல் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு எப்போது எதை ஆரம்பிப்பது என்று அவர் தனியாகத் திட்டம் போட்டுத் தருவார்.

ஆண்களுக்கு?

நூறு மார்பகப் புற்றுநோய்களில் ஒன்று ஆணுக்கு வருகிறது. காம்புக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.

செலவு?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பைசா கிடையாது. சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. அட்டை இல்லாவிட்டால் நோய் வந்தபின் அலையாமல் இப்போதே எடுத்துவையுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

அம்மாவைக் கூப்பிட்டால் "இந்த வயசுல எனக்கு என்னடி" என்கிறார். எப்படி அழைத்துவருவது?

இந்த வயசில்தான் வரும் என்று எடுத்துச் சொல்லுங்கள். மும்பையில் அதிகம் பலன் அடைந்தது உங்கள் அம்மா வயதுக்காரர்கள்தான். நேரே "மார்பகப் பரிசோதனை" என்று ஆரம்பித்தால் நிறையப் பேர் வாசலைத் தாண்ட மாட்டார்கள், அதனால் பிரஷர் பார்க்க என்று கூட்டிவாருங்கள், மிச்சத்தை நாங்கள் பேசிக்கொள்கிறோம். முடிந்தால் முதலில் நீங்கள் காட்டிக்கொள்ளுங்கள், பெண் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் சாதாரணமாகத் திரும்பி வருவதைப் பார்த்த பல அம்மாக்கள் தாங்களாகவே எழுந்து வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லாமல் நான் வேறு மாதிரி பார்த்துக்கொள்வேன். வரும்போது பின்பக்கம் ஹூக் வைத்த ஜாக்கெட் மட்டும் வேண்டாம், முன்பக்கம் ஹூக் வைத்ததாகப் போட்டு வரச் சொல்லுங்கள்.